முதல் மேடை யார் தருவார்?



இந்த முறை நமது பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. ஜெஞ்சாரோமிலிருந்து நான்கு தம்பிகளும் ஒரு தங்கையும் சேர்ந்து எழுதிய கடிதம் அது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியே ஆகட்டும்.

ஒருவர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை. ஒருவர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் கிள்ளானில் படிக்கிறார். ஒருவர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். தங்கை பாடுகிறார். இரண்டு கித்தார், ஒரு கீபோர்டு, பழைய டிரம்ஸ் ஒரு செட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுப் பின்கட்டில் பயிற்சி. ஒன்றரை வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கீபோர்டு வாங்குவதற்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

அவர்கள் மனக்குறை இதுதான்: "எந்த இடத்திற்குப் போய்க் கேட்டாலும், இதுவரை எங்கே வாசித்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அழைத்தால்தானே வாசிக்க முடியும்? வாசித்தால்தானே சொல்ல முடியும்? கீபோர்டை விற்றுவிட்டு அம்மாவின் சங்கிலியை மீட்டு விடலாமா?"

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதையாக அல்லவா இருக்கிறது! வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அனுபவம் உண்டா என்று கேட்பவர்கள், அனுபவத்தைக் கொடுக்க முன்வருவதில்லை.

தம்பிகளே, தங்கையே! அவசரப்பட்டு எதையும் விற்க வேண்டாம். ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் ஒருவரும் அழைக்கவில்லை என்றால் அம்மாவின் சங்கிலிதான் முக்கியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று நாம் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடும் பெரிய கலைஞர்களில் பலருக்கு முதல் மேடை பெரிய மண்டபத்தில் கிடைக்கவில்லை.

இளையராஜாவையே எடுத்துக்கொள்வோம். பண்ணைப்புரத்துப் பிள்ளை. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வந்தவர். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாவலர் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அந்தத் தேர்தலில் வென்றார். தம்பி இளையராஜா பதினான்கு வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர். அவர் சென்னைக்கு வந்தது 1968-ல். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-ல். நடுவில் எத்தனை ஆண்டுகள், எத்தனை பெட்ரோமாக்ஸ் வெளிச்சங்கள் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் தோட்டத்து மக்கள்தாம் அந்தக் குடும்பத்தின் ஆரம்ப கால ரசிகர்கள். நம்மைப் போன்றவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு.

எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் அப்படித்தான். திரையுலகில் நிலைபெறுவதற்கு முன்பு ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் ஆகிய சகோதரர்கள் வாசித்தார்கள். பெயர் தெரியாத பிள்ளைகளாக, கிடைத்த மேடையில் வாசித்த குழு அது.

நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கில் அறுபதுகளின் கடைசியில் வாத்தியம் தூக்கிய சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். 'அல்லிகேட்ஸ்' என்றால் தெரியாதவர் உண்டா? எழுபதுகளில் ஹாங்காங் சென்று இரவு விடுதிகளில் பாடிப் பிழைத்தார்கள். அங்கே யாரும் இவர்கள் பாட்டைக் கேட்பதற்கென்றே வந்தவர்கள் அல்லர். சாப்பிடவும் குடிக்கவும் வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். எழுபதுகளின் இறுதியில் நாடு திரும்பி மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தபோது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா வீட்டிலும் அவர்கள் குரல் ஒலித்தது. லோகநாதன் 2007-ல் காலமானபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள்.

கடல் கடந்த கதை ஒன்றையும் சொல்லி விடுகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மோனா பெஸ்ட் என்று ஓர் அம்மையார். டில்லியில் பிறந்தவர். நகையை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் கட்டி, கிடைத்த பணத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார் என்பார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்! அந்த வீட்டின் நிலவறையில் பிள்ளைகளுக்காக ஒரு காப்பி மன்றம் திறந்தார். நாள் 1959 ஆகஸ்டு 29. முதலில் பேசி வைத்திருந்த குழு தங்களுக்குள் சண்டையிட்டுப் பிரிந்துவிட்டது. அந்தக் காலி இடத்தில் வந்து வாசித்த பையன்கள்தாம் பின்னாளில் 'பீட்டல்ஸ்' என்று உலகப் புகழ் பெற்றார்கள். மன்றத்தின் சுவருக்குச் சாயம் பூசவும் அந்தப் பையன்களே கை கொடுத்தார்கள்.

இந்தக் கதைகளிலிருந்து மூன்று உண்மைகள் கிடைக்கின்றன. முதல் மேடை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாக வருகிறது: அண்ணன், நண்பன், நண்பனின் அம்மா. அது இன்னொருவர் வராமல் போன காலி இடமாகக் கூட இருக்கலாம். அங்கே கூடியிருப்பவர்கள் உங்களைக் கேட்பதற்காக வந்தவர்களாக இருக்கமாட்டார்கள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஜெஞ்சாரோமைச் சுற்றிப் பார்ப்போம்.

கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவில், கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது உங்கள் ஊர். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம், சீனர் மிகுதி. சுற்றிலும் செம்பனை. கேரித் தீவு ஒரு பக்கம், மோரிப் கடற்கரை இன்னொரு பக்கம். வெளியூரார் ஜெஞ்சாரோம் என்று கேட்டால் சொல்வது புத்தர் ஆலயத்தையும், சீனப் புத்தாண்டுக்கு அங்கே ஏற்றப்படும் விளக்குகளையும்தான். அந்த நாள்களில் உங்கள் ஊர்த் தெருவில் கார் நகராது. மேடை இல்லை என்று வருந்தும் உங்கள் வாசலுக்கே ஆண்டுக்கு ஒரு முறை ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள்!

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். தைப்பூசம் வந்தால், திருவிழா வந்தால் உருமி மேளக் குழுக்களுக்கு ஏன் ஓய்வே இருப்பதில்லை? அவர்களை யாரும் "இதுவரை எங்கே வாசித்தீர்கள்?" என்று துருவித் துருவிக் கேட்பதில்லை. ஏன்? காவடி ஆட அடி வேண்டும். சாமி புறப்பட மேளம் வேண்டும். உருமி இல்லாவிட்டால் அந்தக் காரியமே நடக்காது. ஆகவே தேடி வருகிறார்கள்.

உங்கள் குழு இல்லாவிட்டால் எந்தக் காரியம் நின்றுபோகும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று கேட்டால் அது உங்கள் தேவை. "உங்கள் விருந்தில் சாப்பாடு பரிமாறும் ஒரு மணி நேரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அது அவர்களுடைய தேவை. மனிதர்கள் பிறர் தேவைக்கு இரக்கப்படுவார்கள்; தங்கள் தேவைக்குத்தான் கதவைத் திறப்பார்கள்.

அப்படிப் பார்த்தால் எங்கெங்கே கதவுகள் இருக்கின்றன?

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளும் பரிசளிப்பு விழாவும் ஒன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் காலை ஏழு மணிக்கே வந்து நாற்காலி அடுக்குகிறார்கள். பரிசு கொடுக்கும் வரை கூட்டத்தை உட்கார வைக்க வழி தெரியாமல் தவிக்கிறார்கள். ஆலயத் திருவிழா இன்னொன்று. கரகமும் பூசையும் முடிந்து அன்னதானம் நடக்கும் நேரம் அமைதியாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பக்திப் பாடல்கள் ஒரு முக்கால் மணி நேரம் போதும். முதியோர் இல்லங்கள் உண்டு. அங்கே உள்ளவர்களுக்குப் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டால் கண் கலங்கும். மணிமன்றங்கள், இந்து சங்கக் கிளைகள், தொழிற்சங்கக் குடும்ப தினங்கள் உண்டு. திருமணத்துக்கு முதல் நாள் இரவு வீட்டில் உறவினர் கூடுகிறார்களே, அந்த நலுங்கு வீடு இருக்கிறது. பெரிய விருந்துபசரிப்புக்கு உங்களை அழைக்கத் தயங்குகிறவர்கள் கூட அந்த இரவுக்குத் தயங்கமாட்டார்கள். தப்பு நடந்தாலும் பார்ப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்தானே!

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் கூட்டம் அலைமோதும். கடைக்காரர்களுக்குத் தங்கள் வாசலில் நாலு பேர் நிற்க வேண்டும். அங்கே பாட வேண்டுமானால் கடைக்காரரின் சம்மதத்தோடு உள்ளூராட்சி மன்ற அனுமதியும் தேவையா என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பிரிக்பீல்ட்சில் நுண்கலைக் கோயில் 1981 முதல் இசையும் நடனமும் வளர்த்து வருகிறது. அங்கேயும், கோலாலம்பூர் துன் சம்பந்தன் மாளிகை மண்டபத்திலும் ஏறுவது உங்கள் கனவாக இருக்கட்டும். ஆனால் ஆரம்பம் அங்கே வேண்டாம். உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையத்தில் உடும்பு பிடிப்பானா?

சரி, கதவு தெரிந்தது. தட்டுவது எப்படி?

கைப்பேசியில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆலயத் தலைவருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஒரு நாளைக்கு நூறு செய்தி வருகிறது. நேரில் போங்கள். ஐந்து பேரும் படையெடுக்க வேண்டாம், இருவர் போதும். திருவிழாவுக்கு முதல் வாரம் போகாதீர்கள். அப்போது அவர் தண்ணீர்ப் பந்தல் கவலையில் இருப்பார். ஏற்பாட்டுக் குழு முதல் கூட்டம் போடுவதற்கு முன்னால், இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். செலவுப் பட்டியல் எழுதி முடிந்துவிட்டால் பிறகு உங்களுக்கு இடமிருக்காது.

பேச்சு நீளக் கூடாது. "ஐயா, வணக்கம். நாங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள், இன்னாருடைய மகன். ஐந்து பேர் கொண்ட இசைக்குழு வைத்திருக்கிறோம். அன்னதான நேரத்தில் 40 நிமிடம் பக்திப் பாடல்கள் வாசிக்க ஆசைப்படுகிறோம். ஒலிபெருக்கி எங்களுடையது. நீங்கள் ஒரு மின்சாரப் பிளக்கு கொடுத்தால் போதும். பாட்டுப் பட்டியல் இதோ. நாங்கள் பயிற்சி செய்வதைப் பதிவு செய்திருக்கிறோம். மூன்று நிமிடம் கேட்டுப் பாருங்கள், ஐயா." இவ்வளவுதான். இன்னாருடைய மகன் என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். நம் சமூகத்தில் அதுதான் முதல் சான்றிதழ்.

அந்த மூன்று நிமிடப் பதிவில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் புகையும் தேவையில்லை. பின்கட்டிலேயே கைப்பேசியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். இந்தப் பிள்ளைகள் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கிறார்களா என்பதைத்தான் தலைவர் பார்ப்பார். "எங்கே வாசித்தீர்கள்?" என்ற கேள்விக்கும் அதுவே பதில். பொய் சொல்லாதீர்கள். வாசிக்காத இடத்தில் வாசித்தோம் என்று சொல்லி மாட்டிக்கொண்டால், கோல லங்காட் சின்ன மாவட்டம். செய்தி பந்திங் போய்ச் சேர ஒரு நாள் போதும்.

அவர் "பார்க்கலாம்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்போது இதையும் சொல்லி வையுங்கள்: "யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள் ஐயா, ஒரு மணி நேரத்தில் வந்து நிற்போம்." லிவர்பூல் பையன்கள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். சொன்னபடி வந்து நிற்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்கள் வேலை.

40 நிமிடத்துக்கு 9 பாட்டு போதும். ஆனால் 12 பாட்டு தயாராக இருக்க வேண்டும். வந்திருப்பவர்களைப் பார்த்து மூன்றைத் தள்ளலாம், மூன்றைச் சேர்க்கலாம். முதல் பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் பிசகாமல் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் பாட்டில் கை நடுங்காதவர் இல்லை. பாட்டி ஒருவர் தலையாட்ட ஒன்று, குழந்தைகள் எழுந்து ஆட ஒன்று. உங்கள் ஊரில் வாழ்கிறவர்கள் மூவினத்தார் ஆகையால் மலாய்ப் பாட்டு ஒன்றும் சீனப் பாட்டு ஒன்றும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளும் ஆண்ட்டியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த சீனப் புத்தாண்டு விருந்துக்கு உங்களை அழைப்பது அவர்களாகவே இருக்கலாம். அல்லிகேட்ஸ் காட்டிய பாதை இது.

சொந்தப் பாட்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. யோகி பியும் நட்சத்திராவும் 2006-ல் 'வல்லவன்' வெளியிட்டபோது, மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளின் குரலைத் தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. பிறர் பாட்டைப் பாடுகிறவருக்குச் சம்பளம் கிடைக்கும். பெயர் நிலைப்பது சொந்தப் பாட்டில்தான். ஆனால் முதல் மேடையில் ஒன்றே ஒன்று பாடுங்கள். கடைசிக்கு முன்னதாக வையுங்கள். கூட்டம் உங்களோடு பழகிவிட்ட பிறகு, "இது நாங்களே எழுதியது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதற்குப் பின் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பாடி முடித்துவிடலாம். சொந்தப் பாட்டு எடுபடாவிட்டாலும் நிகழ்ச்சி எடுபட்டுவிடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன இடத்தில் டிரம்ஸ் சத்தம்தான் எமன். தங்கையின் குரல் கேட்காவிட்டால் மற்ற நால்வர் வாசித்தும் பயனில்லை. குரல் தெளிவாகக் கேட்கும் அளவை முதலில் வைத்துக்கொண்டு, மற்ற வாத்தியங்களை அதற்குக் கீழே நிறுத்துங்கள். டிரம்ஸ் தம்பி கட்டைக்குப் பதில் தென்னங்குச்சிக் கட்டு போன்ற மெல்லிய குச்சியால் வாசித்துப் பழகலாம். பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் நேரம் எது என்று முன்னமே பார்த்துவைத்து, அந்த நேரம் இசையை நிறுத்திக் காத்திருங்கள். யாரும் சொல்லாமல் நீங்களே செய்தால் அதற்கு மதிப்பே தனி.

அனுமதி விவகாரத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். சிலாங்கூரில் பொது நிகழ்ச்சிகளுக்கு 1995-ஆம் ஆண்டு மாநிலப் பொழுதுபோக்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு, பந்திங்கில் உள்ள கோல லங்காட் நகராண்மைக் கழகம். வீட்டு விசேடம் வேறு, பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சி வேறு. அனுமதி எடுப்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு; எடுத்தாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. பாதிப் பாட்டில் அதிகாரி வந்து நிறுத்தினால் அவமானம் உங்களுக்குத்தான். சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள் எம்.ஏ.சி.பி. என்ற இசைப்படைப்பாளர் உரிமை அமைப்பைப் பற்றியும் விசாரித்து வையுங்கள். பாடல் பொது இடங்களிலும் வானொலியிலும் ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய தொகையை வசூலித்துத் தருவது அதன் வேலை.

இனி, எல்லோரும் கேட்கத் தயங்கும் பண விஷயம்.

முதல் இரண்டு மூன்று இடங்களில் பணம் வாங்காமல் வாசிக்கலாம். ஆலயம், பள்ளி, முதியோர் இல்லம் என்றால் அது தொண்டு. ஆனாலும் எத்தனை இடம் என்று நீங்களே இன்றே ஓர் எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று என்றால் மூன்றுதான். அதற்கு மேல் போனால் 'சும்மா வாசிக்கிற பையன்கள்' என்று பெயர் விழுந்துவிடும். விழுந்த பெயரை எடுப்பது கடினம். வியாபாரம் நடக்கும் இடத்தில் முதல் நாளே கூலி கேளுங்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் உங்களால் நாலு மேசை அதிகம் விற்றால், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

"மேடை தருகிறோம், நீங்கள் இத்தனை நுழைவுச் சீட்டு விற்றுத் தாருங்கள், விற்காவிட்டால் கைக்காசு போடுங்கள்" என்று சிலர் வருவார்கள். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேலை செய்பவன் கூலி வாங்க வேண்டுமே தவிர, கூலி கொடுத்துவிட்டு வேலை செய்யக் கூடாது. பால்வெட்டுக் காலத்திலேயே நம் முன்னோர் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விருந்து ஒன்றுக்கு 1,000 வெள்ளி பேசிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் ஒலிபெருக்கி வாடகை 350, வேன் எண்ணெய்க்கு 50. மீதி 600. ஐந்து பேர் ஆகையால் ஐந்து பங்கு என்று பிரித்துவிடாதீர்கள். ஆறு பங்கு. ஆறாவது பங்கான 100 வெள்ளி குழுவுக்கு. அந்த உண்டியலிலிருந்து முதலில் மீட்க வேண்டியது அம்மாவின் சங்கிலி. கீபோர்டு ஐந்து பேருக்கும் சோறு போடப் போகிறது என்றால், அதன் கடனும் ஐந்து பேருடையதுதான். அடகுச் சீட்டின் கெடு என்றைக்கு என்று ஐவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒருவர் முகம் சுளித்தாலும் இன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மேடை கிடைக்காமல் உடைந்த குழுக்களைவிட, மேடை கிடைத்த பிறகு பங்கு பிரிப்பதில் உடைந்த குழுக்கள் அதிகம்.

பேசிய தொகை, நேரம், முன்பணம், சாப்பாடு உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மாமா வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் எழுதுங்கள். எழுத்து இருந்தால் உறவு கெடாது.

தங்கையின் அம்மாவுக்கு ஒரு சொல். அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இரவு நேரம், மது புழங்கும் விருந்து, அறியாத முகங்கள். முதல் ஆறு மாதம் பகல் நிகழ்ச்சிகளும் ஆலய, பள்ளி நிகழ்ச்சிகளும் மட்டும் போதும் என்று நிபந்தனை போடுங்கள். பிறகும் பத்தரை மணிக்கு மேல் இல்லை, தங்கை வீட்டுக்குள் நுழையும் வரை அண்ணன் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் முதல் நிகழ்ச்சிக்கு நீங்களே வந்து முன்வரிசையில் உட்காருங்கள். சங்கிலி கொடுத்தவருக்கு அந்த இருக்கை உரிமையானது. பிள்ளை பாடுவதைத் தாய் கேட்பது ஒன்று. பிள்ளை பாடுவதை ஊர் கேட்கத் தாய் பார்ப்பது வேறு.

நிகழ்ச்சி முடிந்த பிறகு செய்ய வேண்டியதும் உண்டு. வயரைச் சுருட்டி, நாற்காலியை அடுக்கி, குப்பையைப் பொறுக்கிவிட்டு வாருங்கள். மறுநாள் தலைவரைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். அடுத்த இடத்துக்கு அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஐயாவுக்குத் தெரிந்த இடம் ஏதேனும் இருந்தால் எங்கள் பெயரைச் சொல்லுங்கள்." நன்றாக வாசித்த குழுவை மறுபடி அழைப்பார்கள், நன்றாக நடந்துகொண்ட குழுவைப் பிறருக்கும் சொல்வார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் ஆலயத் தலைவர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டுக் கலைஞர்களை அழைத்து விழா நடத்துங்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கலைக்குக் கடல் தடையில்லை. ஆனால் 1952-ல் கோ.சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தபோது, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மேடை ஏறியவர்கள் யார்? உள்ளூர்ப் பிள்ளைகள். பேச்சு, பாட்டு, நாடகம் என்று அவர்களுக்குள் இருந்தது வெளியே வந்தது அப்படித்தான். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் திடல் இருந்த காலத்தில், பாடத் தெரிந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது கைத்தட்டல் கிடைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தபோது, லயத்து வீட்டோடு அந்தத் திடலையும் பலர் இழந்துவிட்டார்கள்.

அதைத் திருப்பித் தருவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்கள் நிகழ்ச்சி நிரலில் முதல் 20 நிமிடத்தை எழுதாமல் விடுங்கள். அங்கே ஊர்ப் பிள்ளைகள் என்று எழுதுங்கள். அவர்கள் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் நம் பையன்கள் எங்கே நிற்கிறார்கள், யாரோடு நிற்கிறார்கள் என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பின்கட்டில் கூடி, ஒரே பாட்டை முப்பது தடவை திருப்பித் திருப்பி வாசிக்கும் ஐந்து பேர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. அவர்களைப் போய்க் கூப்பிட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு குழு இருந்தால், அவர்களுக்கு முதல் மேடை கொடுத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும். அடுத்த இதழில் சந்திப்போம்.